வாப்பா ஊதிய தண்ணீர்

எனக்கு வந்தது மூளைக்காய்ச்சல். டொக்டர்மார் மெனிஞ்சைட்டிஸ் என்பார்கள். மூளையையும் முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பையும் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அதற்குள் கிருமி புகுந்து வீங்க வைப்பதுதான் இந்த நோய். படுக்கையில் கிடந்தபோதே இதை விளங்கிக்கொண்டேன். விளங்கியதால் ஆறுதல் வரவில்லை. விளங்காமல் இருந்திருந்தால் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன்.

சாய்ந்தமருதில் எங்கள் குடும்பத்தில் உயர்தரம் பாஸ் பண்ணி கெம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், போன முதல் ஆள் நான். வாப்பா கரைவலை இழுக்கும் மீனவர். வீட்டுக்கு இங்கிலீஷில் எது வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். ஆஸ்பத்திரியிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் தலையைத் தூக்க ஏலாமல் கிடக்கிறேன். உம்மா என்னுடைய இரத்தப் பரிசோதனைத் துண்டை என் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, "இதுல என்ன போட்டிரிக்கெண்டு வாசி மனெ" என்கிறார். வெள்ளைத் தாளின் வெளிச்சம் கண்ணுக்குள் ஊசியாய் இறங்கியது. வாசிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். உம்மா அழத் தொடங்கிவிட்டார். என்னால் வாசிக்க முடியவில்லை என்பதுதான் அவருக்கு நோயின் முதல் அடையாளம்.

வாப்பா மக்காவுக்குப் போய் உம்றா முடித்து வந்து அப்போது பத்து நாள்கூட ஆகவில்லை. மத்திய கிழக்கில் வேலை செய்யும் என் மூத்த சகோதரி, ராத்தாதான் அவரை அனுப்பி வைத்தார். போகுமுன் பிரயாணிகளுக்குப் போடும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் போட்டுக்கொண்டுதான் போனார். திரும்பி வரும்போது தொண்டை கரகரத்தது. அங்கே நெரிசல், குளிரூட்டி. போய் வருகிற எல்லாரும் இருமிக்கொண்டுதான் வருகிறார்கள், யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. உம்றா முடித்தவர் இறைவனிடம் கேட்கும் துஆ தட்டப்படாது என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. வாப்பாவின் கையைப் பற்றி முஸாபஹா செய்ய ஊரே வந்தது. மக்காவில் இருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீரைக் கடதாசிக் கோப்பைகளில் ஊற்றி, பேரீச்சம்பழத்தோடு எல்லாருக்கும் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் வாப்பாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். வாப்பாவின் தங்கை, அதாவது என் மாமி, அங்கேதான் இருக்கிறார். மாமியின் மகள் ரிஹானா மச்சாளுக்குக் கலியாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, ஏறாத ஆஸ்பத்திரி ஏறி, கடைசியில் கிடைத்த பிள்ளை மின்ஹா. ஒன்றரை வயது. அன்று அவளுக்குச் சளி.

"காக்கா, புள்ளைக்கி ஓதி ஊதித் தாங்க" என்று மாமி தன் அண்ணனிடம் கேட்டார்.

ஓதித் தண்ணீரில் ஊதிக் குடிக்கக் கொடுப்பது எங்கள் வீடுகளில் காய்ச்சலுக்குக் கைவைத்துப் பார்ப்பது போன்ற ஒரு காரியம். வாப்பா ஒரு சின்னக் கிண்ணத்தில் ஸம்ஸம் எடுத்தார். முதலில் தான் ஒரு மிடறு குடித்தார். பிறகு ஓதி மூன்று தரம் ஊதினார். மின்ஹாவை மடியில் வைத்து அதே கிண்ணத்தால் பருக்கினார். அவள் பாதியைத் துப்பினாள். மிச்சத்தைக் கீழே ஊற்றக்கூடாது என்று நான் வாங்கிக் குடித்தேன். வரும் வழியில் வயல் பச்சையாகக் கிடந்தது, வாப்பா பின்னால் இருந்து நபியவர்கள் மேல் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல நாள் அது.

அதற்குப் பின் எனக்குக் காய்ச்சல் வந்தது. பாமசியில் போய்க் கேட்டேன், டொக்டர் சீட்டுக் கேட்காமலே கிருமிக்கொல்லிக் கப்சூல் தந்தார்கள். இரண்டு நாள் குடித்தேன். காய்ச்சல் விட்டது போல இருந்து, பிறகு தலைக்குள் யாரோ உரல் வைத்து இடிக்கத் தொடங்கினார்கள். சத்தி, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. கழுத்தைக் குனிக்க ஏலாது. லைட்டைப் போட்டால் கத்தினேனாம். உம்மா என் காலில் சிவப்புப் புள்ளிகளைக் கண்டு, "நுளம்பு கடிச்சிருக்கு" என்றார். டெங்கு என்று எண்ணித்தான் கல்முனைக்குக் கொண்டுபோனார்கள்.

வாட்டுக்குப் பொறுப்பான டொக்டர் காரைதீவுப் பெண், ஐம்பது தாண்டியவர். அவர் ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்து என் காலில் இருந்த புள்ளிகளின் மேல் வைத்து அழுத்தினார். சாதாரணத் தடிப்பு என்றால் அழுத்தும்போது நிறம் மறையும். என்னுடையது கண்ணாடிக்குக் கீழே அப்படியே சிவந்து கிடந்தது. தோலுக்குள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். தம்ளரை அவர் திருப்பி வைத்த வேகத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"இப்பவே ஊசி மருந்து ஏத்த வேணும். முதுகில இருந்து கொஞ்சம் தண்ணி எடுத்துப் பாக்கவும் வேணும்" என்றார் உம்மாவிடம்.

உம்மா என் முதுகுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். "வேணாம் டொக்டர். முதுகுல தண்ணி எடுத்தா கால் இழுத்துக்கும் எண்டு சொல்றாங்க. புள்ள குட்டியும் பொறக்காதாம். இவன் இன்னும் கலியாணம் முடிக்கல்ல."

"உம்மா, கலியாணம் முடிக்கிறதுக்கு மாப்பிள்ளை உயிரோட இரிக்கணுமா இல்லையா?" என்றார் டொக்டர்.

உம்மா விலகினார்.

பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து இறால் மாதிரி வளைத்தார்கள். இடுப்புக்குச் சற்று மேலே, எலும்புக் கணுக்களுக்கு நடுவில் ஊசி. நோவு தாங்கக்கூடியதுதான். அசையாமல் கிடப்பதுதான் தாங்க ஏலாதது. இந்த நீர் சுகமானவனுக்குக் கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக வருமாம். எனக்கு அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் வந்தது. ஒரு துளியை இங்கே பார்ப்பார்கள். ஒரு பகுதியைக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வைப்பார்கள். இன்னொரு பகுதி கொழும்புக்குப் போகும்.

என்னைத் தனி அறையில் போட்டார்கள். ஆஸ்பத்திரி காசு கேட்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உம்மா தன் காப்பைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தார், எந்த நேரமும் ஒருவர் வந்து கேட்பார் என்பது போல. மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி அதைக் கண்டு, "உம்மா, அத கையில போடுங்க, துலைச்சிப் போடுவீங்க" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் எனக்குத் தெளிவு வந்தபோது டொக்டர் கட்டிலருகே நின்றார். மெனிங்கோகொக்கஸ் என்ற கிருமியாக இருக்க வேண்டும் என்றார். அந்தப் புள்ளிகள் அதன் அடையாளம். ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"தம்பி, கிருமி வளரல்ல. வருமுன்ன ஏதும் மருந்து குடிச்சீங்களா?"

கப்சூலைச் சொன்னேன்.

"அதுதான். நோயச் சுகமாக்க அது காணாது, கிருமிய ஒளிக்கக் காணும்." அவர் கோபப்படவில்லை. களைப்பாகத்தான் சொன்னார். "நாங்க ஏன் இவ்வளவு கேக்கிறம் எண்டு யோசிக்கிறீங்க என்ன? நான் டொக்டரா வந்த புதுசில பிள்ளைகள்ட வாட்டில இந்த மூளைக்காய்ச்சல் ஓயாது. அது வேற கிருமி. இப்ப ரெண்டு, நாலு, ஆறு மாசத்தில குழந்தைகளுக்குப் போடுற ஊசியில அந்தக் கிருமிக்கும் தடுப்பு இரிக்கு. இப்ப அத நான் காணுறதே அரிது. ஊசி வேலை செய்யுதெண்டு எப்பிடித் தெரியும்? ஒவ்வொரு ஆள்ட நீரையும் அனுப்பி, பேர் கண்டுபிடிச்சி, நாட்டுக்கே கணக்கு வெச்சபடியால. ஒரு கிருமி இறங்கினா மத்தது எங்க நிக்குது எண்டும் பாக்கணும். உங்கட கிருமி பேர் சொல்லாமப் போயிட்டு."

பிறகு, இது பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றும் என்றார். காற்றில் தூரம் போகாது. எச்சில், இருமல், ஒரே கோப்பை, முகத்தோடு முகம். அப்படிப் பழகியவர்களுக்கு உடனே மருந்து கொடுத்துவிட்டால் நோய் வருமுன்னே தடுக்கலாம். அதற்காகத்தான் பி.எச்.ஐ. வருகிறார்.

பி.எச்.ஐ. என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். மருதமுனைக்காரர், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கதவுக்கு வெளியே அவரும் வாப்பாவும் கதைப்பது எனக்குக் கேட்டது.

"ஹாஜியார், கொஞ்சம் இருங்க."

"உம்றாதான் தம்பி. ஹஜ்ஜி இன்னும் கடமையாக் கிடக்கு."

"இன்ஷா அல்லாஹ் அதுவும் கிடைக்கும். ஊட்டு ஆக்களுக்கெல்லாம் மாத்திரை குடுத்தாச்சி, நீங்களும் போட்டீங்க. வெளிய ஆரும் இரிக்கா? ஒரே கோப்பையில குடிச்ச ஆக்கள், புள்ளைகளக் கொஞ்சினது, அப்பிடி?"

மின்ஹாவின் பேரை வாப்பா சொல்வார் என்று காத்திருந்தேன். வாப்பா தொண்டையைச் செருமினார்.

"இல்ல தம்பி. ஊட்டு ஆக்கள்தான்."

எழும்பப் பார்த்தேன், அறை சுழன்றது. கூப்பிட்டேன், குரல் வரவில்லை. பி.எச்.ஐ.யின் சப்பாத்துச் சத்தம் படியிறங்கிப் போனது. வாப்பா உள்ளே வந்தார்.

"வாப்பா, மின்ஹா?"

"சத்தம் போடாத."

"அவவும் அதே கிண்ணத்துலதானே குடிச்ச."

"அவளுக்கு ஒண்டுமில்ல. உம்மா நேத்தும் போன்ல கோல் எடுத்த. நல்லா ஓடித் திரியுறாளாம்."

"நானும் ஓடித்தானே திரிஞ்சன்."

வாப்பா கட்டிலின் காலடியில் நின்றார். கடலில் எத்தனை பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர். அப்போது சத்தத்தை இறக்கிக் கதைத்தார். "அந்தத் தண்ணியில அல்லாஹ்ட கலாம், அவன்ட சொல்லு இரிக்கிடா. மக்கத்துத் தண்ணி. அதுல நோய் இரிந்திச்செண்டு என்ட வாயாலயே சொல்லச் சொல்றியா?"

"கலாமுல இல்ல வாப்பா. உங்கட தொண்டையில."

சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது. அவர் அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் ஊசி போட்டுட்டுத்தானே போன? எனக்கு ஒண்டும் வரல்லியே."

அதையும் டொக்டரிடம் கேட்டிருந்தேன். தடுப்பூசி அவரை நோயிலிருந்து காத்தது. ஆனால் ஊசி போட்ட ஆளின் தொண்டையிலும் சில வேளை கிருமி தங்கியிருக்கலாம், அவருக்கு ஒன்றும் செய்யாமல். அது அடுத்தவருக்குப் போகும்போதுதான் நோயாகிறது. இதைச் சொன்னேன். வாப்பா கேட்டாரோ தெரியாது.

"பேரக் குடுத்தா என்ன நடக்குமெண்டு மறந்திட்டியா நீ? கொரோனாக் காலத்துல பேர் எழுதின ஊடெல்லாம் என்ன பாடு பட்ட? நம்மட ஜனாஸாவ எரிச்சாங்கடா. இப்ப மக்காவுல இரிந்து நோயக் கொண்டந்து பரப்புறானுகள் எண்டு டீவில போடுவான். நான் கொண்டந்த எண்டு போடுவான்."

அப்போது இறந்தவர்களின் ஜனாஸாவை, அந்த உடல்களை, அடக்க விடாமல் எரித்தது உண்மை. அந்த நாட்களில் எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கதவால் போனதை நானும் கண்டிருக்கிறேன். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் மின்ஹாவும் பொய்யில்லை.

"நாளைக்கு டொக்டர் வந்ததும் நான் சொல்லப்போறன்."

"நீ படிச்சவன். உனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றுவிட்டு வாப்பா போனார்.

அந்த இரவைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. என் போன் உம்மாவிடம் இருந்தது. வெளிச்சம் கூடாது என்று தரவில்லை. மின்ஹாவின் வீட்டுக்குக் கோல் எடுங்கள் என்றால், "இந்த நேரத்துல ஏன் அவங்களப் பயம் காட்டணும்" என்றார். சேலைன் துளி விழுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மிஸ்ஸியிடம் சொல்லியிருக்கலாம். வாப்பாவுக்கு விடியும் வரை தவணை கொடுப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு துளிக்கும் அந்தத் தவணை பிழையாகப்பட்டது. மிஸ்ஸியைக் கூப்பிட வாய் திறப்பேன், வாப்பாவின் முகம் வரும், மூடிக்கொள்வேன்.

விடிந்தது. வாப்பா வரவில்லை. டொக்டர் உள்ளே காலெடுத்து வைத்ததும், வணக்கம் கூடச் சொல்லாமல், கிண்ணத்தில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என் நாடியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் தம்பி. உங்கட வாப்பா விடியச் சுபஹு தொழுதிட்டு இஞ்ச வந்து என்ட கதவடியில இருந்தார். நான் வரக்குள்ள நாற்காலியில கூட இல்ல, நிலத்தில. சொல்லிப்போட்டார். இப்ப பி.எச்.ஐ.யோட வரிப்பத்தான்சேனைக்குப் போயிட்டார்."

என்ன நடந்தது என்பதைப் பின்னர் பி.எச்.ஐ.யிடம் இருந்துதான் அறிந்தேன். அன்று அதிகாலை மாமி வாப்பாவுக்குக் கோல் எடுத்திருக்கிறார். மின்ஹாவுக்குக் காய்ச்சல், பால் குடிக்கிறாள் இல்லை, அழுகிறாள். "காக்கா, நீங்க வந்து இன்னொருக்கா ஓதி ஊதினாச் சரியாப் போயிடும்." இதைக் கேட்ட பிறகுதான் வாப்பா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருக்கிறார்.

"பைக்குல பின்னால இரிந்து முழு வழியும் ஓதிக்கிட்டு வந்தாரு" என்றார் பி.எச்.ஐ. "நடுவுல நடுவுல, வேகமாப் போ தம்பி, வேகமாப் போ தம்பி. நான் சொன்ன, ஹாஜியார், சம்மாந்துறையில பொலிஸ் நிப்பான். நிண்டா என்ட பேரச் சொல்லு எண்டாரு. உங்கட வாப்பாட பேருக்குப் பொலிஸ் என்ன செய்யுமோ தெரியா!"

வீட்டுக்குப் போனதும் மாமி தண்ணீரும் கிண்ணமும் எடுத்து வைத்துக் காத்திருந்திருக்கிறார். வாப்பா முகத்தைத் துவாயால் கட்டிக்கொண்டு முற்றத்திலேயே நின்றுவிட்டார்.

"என்ன காக்கா, வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்களன்."

"வரமாட்டன். அண்டைக்கு நான் குடிச்சிட்டு ஊதின கிண்ணத்தாலதான் மகனுக்கு இந்த வருத்தம். புள்ளைக்கும் அதான். தங்கச்சி, நான் இப்ப ஓதுறன், ஊதமாட்டன். புள்ளையத் தூக்குங்க."

ரிஹானா மச்சாள் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு, நின்றிருந்த வாப்பாவைச் சுற்றிப் போய் ஓட்டோவில் ஏறினார். மாமிதான் முற்றத்தில் இருந்து கத்தினார்: "மக்கத்துத் தண்ணியில நஞ்ச ஊதிக் குடுத்திட்டீங்களே காக்கா!" பி.எச்.ஐ. மற்றவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் வரையில் வாப்பா வெயிலில் நின்றாராம்.

மின்ஹாவை எங்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வாட்டில் சேர்த்தார்கள். அவளுக்கு வீட்டில் யாரும் கப்சூல் கொடுத்திருக்கவில்லை. அவளது முதுகிலும் நீர் எடுத்தார்கள். உம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ரிஹானா கதைக்கிறா இல்லகா" என்று பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் சொல்லி அழுதார். அதற்குள் என்னைப் பொது வாட்டுக்கு மாற்றியிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் திருக்கோவில் அண்ணன் ஒருவர், நுரையீரலில் சளி கட்டி வந்தவர், மூச்சு வாங்க வாங்கப் பகிடி விடுவார். உம்மா கொண்டுவந்த சோறு எனக்கு இறங்காது. "தம்பி, அந்த மீன் உங்களுக்காகச் செத்தது. நீங்க தின்னாட்டி நான் திண்டு அதுக்கு நன்மை செய்றன்" என்பார். அவருடைய மனைவி எனக்கு மல்லித் தண்ணீர் வைத்துக் கொண்டுவருவார்.

பிள்ளைகள் வாட்டில் டொக்டரிடம் ரிஹானா மச்சாள் கேட்டதை உம்மா வந்து சொன்னார்: "கிளினிக்குல சொன்ன எல்லா ஊசியும் தவறாமப் போட்டனே. பின்ன ஏன்?"

அந்த ஊசிகள் பழைய மூளைக்காய்ச்சல் கிருமியை மின்ஹாவிடம் அண்ட விடவில்லை. ஆனால் இது அவற்றில் அடங்காத கிருமி என்று டொக்டர் விளக்கியிருக்கிறார். ரிஹானா மச்சாள் ஊசிக் கொப்பியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாராம்.

பிறகு காத்திருப்பு. எனக்கு நடக்கக் கொஞ்சம் பலம் வந்ததும் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பிள்ளைகள் வாட்டுப் பக்கம் போவேன். வாப்பா வாட்டு வாசலுக்கு வெளியே நிற்பார். மாத்திரை போட்டவர், இனி அவரால் பயமில்லை என்று டொக்டரே சொல்லியும் உள்ளே போகமாட்டார். ரிஹானா மச்சாளுக்கு ஒவ்வொரு நேரமும் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவந்து மிஸ்ஸியின் கையில் கொடுத்து அனுப்புவார். சில நேரம் பார்சல் பிரிக்காமல் திரும்பி வரும். அதைக் கொண்டுபோய்த் திருக்கோவில் அண்ணனுக்குக் கொடுப்பார். "உங்கட சண்டையால எனக்கு உடம்பு வெச்சிட்டு" என்று அவர் சொன்னபோது வாப்பா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து இருவரும் சிரித்தோம்.

மின்ஹாவின் நீரில் கிருமி வளர்ந்தது. மெனிங்கோகொக்கஸ்தான். அதில் எந்தப் பிரிவு என்பதைக் கொழும்பு ஆய்வுகூடம் கண்டுபிடித்தது. "உங்கட கிருமிக்கும் பேர் வெச்சது அந்தப் பிள்ளைதான்" என்றார் டொக்டர். எந்த மருந்துக்கு அது மசியும் என்பதும் தெரிந்தது; அவளுக்கு முதல் நாளே ஏற்றிய மருந்து அதற்குச் சரியானதுதான். அடுத்த தொகுதி உம்றாக்காரர்களுக்குப் போகுமுன் என்ன சொல்ல வேண்டும் என்று சுகாதார அலுவலகத்தில் கூட்டம் வைத்தார்களாம். வந்து சில நாள் கோப்பை பகிராதீர்கள், சிறு பிள்ளைகளின் முகத்தில் ஊதாதீர்கள் என்று சொல்லப் போகிறார்கள். "ஓத வேணாமெண்டு நாங்க சொல்லல்ல ஹாஜியார்" என்று பி.எச்.ஐ. வாப்பாவிடம் விசேசமாகச் சொன்னார். வாப்பா, "உம்றாதான் தம்பி" என்றார். எங்கள் பேரைத் தொலைக்காட்சியில் யாரும் போடவுமில்லை.

என் இடது காது போனது எனக்குத் தெரிந்தது ராத்தாவின் கோலில். போனை இடது காதில் வைத்துக்கொண்டு "ஹலோ, ஹலோ, கேக்கல்ல, கட் பண்ணி எடுங்க" என்று நாலு தரம் சொன்னேன். உம்மா போனை வாங்கித் தன் காதில் வைத்தார். ராத்தா அந்தப் பக்கத்தில் அழுதுகொண்டிருப்பது அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

இந்த நோய் சிலருக்கு உட்காதைத் தின்றுவிட்டுப் போகுமாம். காய்ச்சல் விட்ட பிறகுதான் தெரியவரும். எனக்கு ஒரு பக்கத்தோடு நின்றது. திருக்கோவில் அண்ணன், "ஒரு காது நல்லம் தம்பி, கலியாணம் முடிச்சாப் பொஞ்சாதி இந்தப் பக்கம் படுக்கட்டும்" என்றார். நான் சிரித்தேன், ஆனால் எனக்குள் ஓடிய கேள்வி வேறு. மின்ஹாவுக்கு ஒன்றரை வயது. 'உம்மா', 'மீன்', 'தா' என்று மூன்று சொல்தான் வரும். காது இரண்டும் போயிருந்தால் நாலாவது சொல் வராது. அவளுக்குக் கேட்கிறதா இல்லையா என்று அவளால் சொல்லவும் தெரியாது.

டொக்டரிடம் கேட்டேன். "அவவையும் சோதிப்பம். கொஞ்சம் தேறி வரட்டும்" என்றார். இதை ரிஹானா மச்சாளிடமும் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு சாப்பாட்டுப் பார்சல்கள் எல்லாமே பிரிக்காமல் திரும்பின.

நான் வீட்டுக்கு வந்தேன். சில நாளில் மின்ஹாவும் போனாள். வரிப்பத்தான்சேனையில் இருந்து செய்தி ஒவ்வொன்றாக, மாமியின் பக்கத்து வீட்டார் மூலம் வரும்: தட்டு விழுந்தது, திரும்பிப் பார்த்தாள். இன்னொரு நாள்: கூப்பிட்டாங்க, பார்க்கவில்லை. வாப்பா கடலுக்குப் போவார், வருவார், என் வலது பக்கமாக வந்து உட்காருவார். அவர் அந்தப் பக்கத்தைத் தேர்ந்து உட்காருவதை நான் கவனித்தேன். யாராவது பிள்ளைக்கு ஓதச் சொல்லி வந்தால், தலையில் கைவைத்து ஓதி அனுப்பிவிடுவார்.

காது கிளினிக் நாளன்று என்னையும் மின்ஹாவையும் ஒரே காலையில் வரச் சொல்லியிருந்தார்கள். வாப்பாதான் என்னைக் கூட்டிப்போனார். ரிஹானா மச்சாள் பிள்ளையை மடியில் வைத்துச் சுவரோரமாகக் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பவில்லை, பார்க்கவும் இல்லை. அவருடைய புருஷன் வயல் வேலையாக வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரே வாங்கின் இரண்டு முனைகளில் இருந்தோம்.

என் சோதனை சீக்கிரம் முடிந்தது. இடது காது போனது போனதுதான் என்று காது சோதிக்கும் பெண் உத்தியோகத்தர் சொன்னார். எனக்கு அது புதிதில்லை.

மின்ஹாவைக் கூப்பிட்டபோது ரிஹானா மச்சாள் எழும்பி, வாசலில் ஒரு கணம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் வா. அவ என்னவும் இங்கிலீசுல சொன்னா எனக்கு விளங்கா" என்றார். நான் போனேன். வாப்பாவும் பின்னால் வந்து கதவோடு ஒட்டி நின்றார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

சிறு பிள்ளையிடம் கேட்கிறதா என்று கேட்க ஏலாது. ஆகவே முன்னால் ஒருவர் பொம்மை காட்டி விளையாட, பக்கவாட்டில் இருக்கிற பெட்டியில் இருந்து மெல்லிய சத்தம் வரும். கேட்டால் பிள்ளை திரும்பும். வலது பக்கத்தில் சத்தம் வந்தது. மின்ஹா உடனே திரும்பினாள். ரிஹானா மச்சாள் மூச்சு விட்டார்.

இடது பக்கம். சத்தம் எனக்கே மெலிதாகக் கேட்டது. மின்ஹா பொம்மையின் காதைக் கடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

இன்னொரு தரம். திரும்பவில்லை.

உத்தியோகத்தர் எதையோ குறித்தார். ரிஹானா மச்சாளின் கை என் முழங்கையைப் பிடித்தது, நகம் இறங்கியது. அவருக்கு நான் யார் என்ற நினைவே அப்போது இருந்திராது. கதவுப் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

"பொம்மையில ஆள் மயங்கிட்டா" என்றார் உத்தியோகத்தர். பொம்மையை வாங்கி மேசைக்குக் கீழே வைத்தார். மின்ஹா உதட்டைப் பிதுக்கி அழத் தயாரானாள். வெறுங்கையைப் பார்த்தாள். அப்போது இடது பக்கத்தில் அந்த மெல்லிய சத்தம்.

மின்ஹா அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு, இடது பக்கம் திரும்பினாள்.

மறுபடியும் செய்தார்கள், இன்னும் மெதுவாக. மறுபடியும் திரும்பினாள். மூன்றாம் முறை சத்தம் வருமுன்னே பெட்டியைப் பார்த்து விரலை நீட்டி, "தா" என்றாள்.

"ரெண்டு பக்கமும் நல்லாக் கேக்குது. ஆறு மாசத்தில இன்னொருக்காக் கொண்டு வாங்க" என்றார் உத்தியோகத்தர். கதவடியில் வாப்பா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், கிளினிக் முழுக்கக் கேட்கிற மாதிரி. கரைவலை இழுக்கிற குரல். உத்தியோகத்தர் திடுக்கிட்டு, "ஐயா, இது காது கிளினிக், மெதுவா" என்றார்.

வெளியே வந்தோம். ரிஹானா மச்சாள் வாசலில் கழற்றி விட்ட செருப்பு, கூட்டத்தில் யாரோ தட்டி வாங்குக்குக் கீழே போயிருந்தது. பிள்ளையோடு குனிய முடியவில்லை. நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"மாமா, இவளக் கொஞ்சம் புடிங்க. செருப்ப எடுக்கணும்."

வாப்பா இரண்டு கையையும் சாரத்தில் துடைத்தார். பிள்ளையை வாங்கி, தன் முகத்தை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார். மின்ஹா அவருடைய தாடியைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள். ரிஹானா மச்சாள் செருப்பைப் போட்டு முடித்தார். பிள்ளையைத் திரும்ப வாங்காமல், ஓட்டோ நிற்கிற இடத்தை நோக்கி முன்னால் நடந்தார்.